கல்வளையத்துக்குள் வெட்டிய வத்தகப்பழம்

ஹவுகன்ஸ்டுவா,
ஒஸ்லோ.
09.06.2003

அன்புள்ள கம்சிகாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால், மே பதினேழுக்குப் பிறகு உங்களுக்காக நான் ஆண்டவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

எப்போதும் 'அபிலாஷின் அப்பாவுக்கு' என்றுதான் தொடங்குவேன். மூத்தவனின் பெயரைச் சொல்லி எழுதுவதுதான் பழக்கம். இந்த முறை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் நான் கம்சி என்று வாயெடுத்தால் உங்களுக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. "பிறகு எடுக்கிறன்" என்கிறீர்கள், எடுப்பதில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடுகிறவர்கூட ஒரு தரம் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பார்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கம்சிக்கு யூலையில் ஊருக்குப் போக ரிக்கெற் போட்டிருக்கிறீர்கள். உங்கள் அக்காவுடன் போய், மாமியோடு ஒரு வருசம் நின்று, கோயில் கோயிலாகக் காட்டட்டுமாம். சமாதானம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்ததில் எல்லாரும் ஊருக்குப் போய் வருகிறார்கள். நம் பிள்ளை மட்டும் போவாள், வரமாட்டாள். இதை அந்த அக்காவே, விமலாதேவி மச்சாள், திராமனிலிருந்து தொலைபேசி எடுத்து, சந்தைக்குப் போகிறேன் மீன் வேண்டுமா என்று கேட்பதுபோல எனக்குச் சொன்னார். கம்சி போகமாட்டாள். அவளுடைய பாஸ்போட் என்னிடம் இருக்கிறது. வந்து அலுமாரியைக் கிளற வேண்டாம், அது வீட்டில் இல்லை.

இனி மே பதினேழைப் பற்றிப் பேசுவோம்.

முதல் நாள் பின்னேரமே நீங்கள் துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்து இறங்கினீர்கள். நோர்வேயின் கொடிநாளுக்குப் பிள்ளைகளோடு நிற்க வந்திருக்கிறார் என்று நான் சந்தோசப்பட்டேன். வேலை முடிந்த கையோடு கணவாய் வாங்கி வந்து, உங்களுக்குப் பிடித்த மாதிரிக் கறுப்பாகப் பிரட்டினேன். அடுத்த நாள் முதியோர் இல்லத்துக் குசினியில் எனக்கு வேலை. லீவு நாளென்று நோர்வேக்காரர் யாரும் வரமாட்டார்கள், நாங்கள்தான் போக வேண்டும். அபிலாஷைப் பள்ளிக்கூட ஊர்வலத்துக்குப் பக்கத்து வீட்டு நிசாந்தினி கூட்டிப் போவதாக ஏற்பாடு. நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகமிருக்கிறதா? "அந்த பாண்ட் சத்தம் கம்சிக்குச் சரிவராது. நான் அவளைக் காட்டுப்பக்கம் கூட்டிக்கொண்டு போறன்" என்றீர்கள்.

அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. சத்தம் அவளுக்கு ஆகாது என்பதை நீங்கள் கவனித்து வைத்திருக்கிறீர்களே என்று பேரூந்தில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன். என்னைப்போல ஒரு விசரி இருப்பாளா?

நான் வர அவள் கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். நெற்றி முழுக்கத் திருநீறு. புதுச் சட்டையில் கற்பூர வாசம். கெண்டைக்காலில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். "காட்டுப் பத்தைக்குள்ள ஓடினவள், முள்ளு கீறிப்போட்டுது" என்று சொல்லிவிட்டு நீங்கள் பின்னேர ரயிலுக்குக் கிளம்பிவிட்டீர்கள். கணவாய்க் கறியில் மிச்சத்தையும் கட்டிக்கொண்டு போனீர்கள். திங்கட்கிழமை பாலர் பள்ளியான பார்னஹாகேயில் அவளுடைய ஆசிரியை காலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். நானும் பத்தை என்றே சொன்னேன். இந்த நாட்டில் பிள்ளையின் காலில் தழும்பு இருந்தால், பிள்ளையைப் பறித்துக்கொண்டு போக யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்ன பொய்யை நான் நம்பி, அதையே அவர்களிடமும் உண்மையென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நம்பியது மூன்று நாள்தான். செவ்வாய்க்கிழமை பார்னஹாகே பிள்ளைகளை வழக்கம்போல காட்டுமேட்டில் இருக்கிற அந்தப் பழைய கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நீங்கள் அந்த இடத்துக்கு அதற்கு முன் ஒரு நாளும் எங்களோடு வந்ததில்லை. பலகையில் கோட்டை என்று போட்டிருப்பதைப் பார்த்து, முதல் தரம் நானும் யாழ்ப்பாணக் கோட்டை போல ஒன்றை நினைத்து ஏறிப் போனேன். போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குப் பாசி பிடித்த கற்கள், மேட்டைச் சுற்றி வட்டமாக. ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தியதாம். எனக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் கம்சிக்கு இந்த நாட்டில் பிடித்த ஒரே இடம் அதுதான். ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு சுற்றி வருவாள். பழைய வாசல் இருந்த இடத்தில் கல் இல்லை. அந்த இடைவெளியால் உள்ளே போய் நடுவில் இருப்பாள். அங்கே அவள் கத்துவதில்லை, தலையில் அடித்துக்கொள்வதுமில்லை. வீட்டிலும் கரண்டிகளை எடுத்து அதேபோல வட்டம் வைத்து, ஒரு வாசல் விட்டு, உள்ளே இருப்பாள். ஞாயிறுகளில் நான் அவளை அங்கே கூட்டிப்போவது அந்த ஒரு மணித்தியால நிம்மதிக்காகத்தான். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

அந்தச் செவ்வாய் பார்னஹாகேயிலிருந்து வேலைத்தலத்துக்கு அழைப்பு வந்தது. கம்சி கோட்டை வாசலில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நின்ற நிலையிலேயே சலம் போய், ஒருவரையும் கிட்ட விடாமல் கத்துகிறாளாம். நான் ஏப்ரனோடு ஓடினேன். வளையத்துக்கு நடுவில் இரண்டாகப் பிளந்து உள் சிவப்புத் தெரிகிற வத்தகப்பழம் ஒன்று. சுற்றிவரக் குங்குமம் தடவிய தேசிக்காய்கள், கற்பூரம் எரிந்த கறுப்பு. பக்கத்தில் இலை உதிர்ந்த பேர்ச் மரக் கொப்பு. யாரோ இளைஞர்கள் குடித்துக் கும்மாளம் போட்டிருக்கிறார்கள் என்று ஆசிரியை நினைத்தாள். எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. நீத்துப்பூசணி கிடைக்காமல் வத்தகப்பழம். வேப்பிலை கிடைக்காமல் பேர்ச். பேயோட்டக் கழிப்புக் கழித்திருக்கிறீர்கள்! அந்தத் தேசிக்காய்களை நானே பொறுக்கி ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டேன். வெட்கத்தாலா கோபத்தாலா என்று எனக்கே தெரியவில்லை.

மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். ஈஸ்டருக்கு அவர் வந்தபோது அபிலாஷ் சாப்பாட்டு மேசையில் பள்ளிக்கூடக் கதை ஒன்று சொன்னானே. அந்த மேட்டுக்குக் கீழே ஒரு சனம் இருக்கிறது, அவர்களுக்கும் மாடு கன்று வீடு வாசல் உண்டு, சில வேளை மனிதக் குழந்தையை எடுத்துக்கொண்டு தங்கள் குழந்தையை அந்த இடத்தில் விட்டுவிடுவார்கள் என்று. நாங்கள் சிரித்தோம். மச்சாள் சிரிக்கவில்லை. வைத்தியசாலையில் நிபுணர் ஆறு மாதம் பார்த்து, ஓட்டிசம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. "உவங்களுக்கு எங்கட பிள்ளையளைப் பற்றி என்ன தெரியும்" என்றார். ஆனால் அதே நோர்வேக்காரனின் பேய்க்கதையைக் கேட்ட உடனே நம்பிவிட்டார்.

பார்வை பார்க்க வந்தவர் திராமன் தம்பிமுத்துவாம். கிழமை நாளில் தபால் பிரிக்கிறார், சனி ஞாயிறில் பேய் பிரிக்கிறார். வெள்ளிக்கிழமைதான் கழிப்புக்கு நல்லது, ஆனால் ஒருவருக்கும் லீவு இல்லை. பதினேழாம் திகதி ஊரெல்லாம் ஊர்வலத்துக்குப் போய்விடும், காட்டில் ஆள் இருக்காது என்று அந்த நாளைத் தெரிவு செய்திருக்கிறார்கள். இது இந்த நாட்டுப் பேய், எங்கள் மந்திரம் அதற்கு விளங்காது என்று அவர் சொன்னதால், மச்சாளின் மனுசன் இரவீந்திரன் அண்ணை பக்கத்தில் நின்று நோர்வேஜிய மொழியில் மாற்றிச் சொன்னாராம். இருபது வருசம் இந்த நாட்டில் இருந்து, வைத்தியரோடு இரண்டு வசனம் ஒழுங்காகப் பேச மாட்டாத மனிதர், பேயோடு பேசியிருக்கிறார்! வேறு யாருக்காவது நடந்திருந்தால் நான் வயிறு நோகச் சிரித்திருப்பேன்.

ஆனால் அந்த உடுக்குச் சத்தத்துக்கு நடுவில் காதைப் பொத்தியபடி நின்றது என் பிள்ளை. காலில் அடி வாங்கியதும் அவள்தான். அவளைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று மச்சாளிடம் கேட்டேன். "தகப்பன்தானே பிடிக்கவேணும்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு தொலைபேசியை வைத்துவிட்டேன்.

என்னோடு குசினியில் வேலை செய்கிற தூரிட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஏதோ ஒரு மலைப்பள்ளத்தாக்கில் பிறந்தவள். உருளைக்கிழங்கு அவித்த கொதிதண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றும்போது "கீழே இருக்கிறவர்களே, கவனம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவாள். சின்னதில் தாய் பழக்கியதாம், நம்பிக்கை இல்லாவிட்டாலும் வாய் சொல்லிவிடுகிறது என்பாள். கழிப்பு விசயத்தை ஒருவருக்கும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். அவள் அன்று அப்படிச் சொல்லித் தண்ணீர் ஊற்ற, எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைப்பாள் என்று பயந்தேன்.

அவள் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. தங்கள் ஊரிலும் இதே கதை உண்டு என்றாள். ஒருத்தியின் குழந்தை பேசாது, நடக்காது, எந்நேரமும் கத்தும். இது மேட்டுக்குக் கீழே இருக்கிறவர்களின் பிள்ளை, மாற்றிவிட்டார்கள் என்று ஊர் சொல்லும். அந்தப் பிள்ளையை வியாழக்கிழமைகளில் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்ப் பேர்ச் கம்பால் அடிக்க வேண்டுமாம். பெற்றவளான மேட்டுப் பெண் பொறுக்காமல் வந்து தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு, மற்றதைத் திருப்பித் தந்துவிடுவாளாம். அப்படி அடித்தார்கள். மூன்றாவது வியாழன் அந்த மேட்டுப் பெண் வந்தாள். இவர்களின் பிள்ளையைக் கீழே இறக்கி விட்டுவிட்டு, "நீ என் பிள்ளைக்குச் செய்ததை நான் உன் பிள்ளைக்கு ஒரு நாளும் செய்யவில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாளாம்.

கதை அவ்வளவுதான். தூரிட், அந்தக் காலத்தில் தங்கள் ஊர்களில் எத்தனை கம்சிகள் இப்படி அடி வாங்கியிருக்கும் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டைப் பிந்தித்தான் கொடுத்தோம்.

அவர்களுக்கு அது பழைய காலத்துக் கதை. நீங்கள் அதை இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில், அதேபோல ஒரு மேட்டில், அதே பேர்ச் கம்பால் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இப்போது ஊருக்கு அனுப்பி வைப்பதும் அதுதான். பிள்ளையை மேட்டில் விட்டுவிட்டு வருவதற்கு விமானத்தில் கொண்டுபோனால் என்ன, சைக்கிளில் கொண்டுபோனால் என்ன? மாமி பாவம். எழுபது வயதில் அந்த மனிசி இவளைத் தூக்கிக்கொண்டு எந்தக் கோயில் படி ஏறப்போகிறது? பேசாத பிள்ளையை அந்த ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று உங்களுக்குத் தெரியாதா?

இவ்வளவும் நான் பொறுத்திருப்பேன். அறியாமல் செய்தார், பிள்ளை பேசவேண்டும் என்ற ஏக்கத்தில் அக்காவின் சொல் கேட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டும் இருந்தேன். போன சனிக்கிழமை அதுவும் போய்விட்டது.

உங்கள் சிநேகிதர் சுரேன் வீட்டில், பெரியபிள்ளையான மகளின் சாமத்தியவீடு. நீங்கள் வரவில்லை என்றாலும் முகத்துக்காக நான் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். துரொண்ட்ஹெய்மில் உங்களோடு பேரூந்து ஓட்டுகிற நிருஜனின் மனைவி கஜேந்தினி வந்திருந்தாள். நல்ல பெண், தானாக வந்து கதைத்தாள். "தனஞ்சயன் அண்ணை எங்கட வீட்டை ஞாயிறுகளில சாப்பிட வாறவர். உங்களுக்கு ஒரேயொரு மகன்தானே அக்கா? படிப்பில கெட்டிக்காரன் எண்டு எப்பவும் மகனைப் பற்றித்தான் கதை" என்றாள். அந்த நேரம் கம்சி என் சேலைத் தலைப்பைப் பிடித்துத் தலையில் போட்டுக்கொண்டு என் பின்னால் நின்றாள். கஜேந்தினி அவளை எட்டிப் பார்த்து, "இது ஆற்றை பிள்ளை?" என்று கேட்டாள்.

என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "என்னுடைய பிள்ளை" என்றேன். அந்தப் பெண் முகம் வெளிறிப்போய் வேறு பக்கம் பார்த்தாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அபிலாஷ் பேரூந்தில், "அப்பா தங்கச்சியைப் பற்றிச் சொல்லேல்லையா அம்மா?" என்று கேட்டான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே ஒரு பதிலை யோசித்து வையுங்கள். அவன் உங்களிடமும் கேட்பான்.

போன ஒக்டோபரில் வைத்தியசாலையில் ஓட்டிசம் என்ற அந்தப் பெயரைச் சொன்னார்கள். டிசம்பரில் உங்களுக்குத் துரொண்ட்ஹெய்மில் வேலை கிடைத்தது. ஒஸ்லோவில் பேரூந்தே ஓடுவதில்லையா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. சம்பளம் கூட என்றீர்கள், சரி என்றேன். அங்கே போய் அவளை இல்லாமலே ஆக்கிவிட்டு இருக்கிறீர்கள். பிள்ளையை மறைத்தது மேட்டுக்குக் கீழே இருக்கிற சனம் இல்லை. பெற்ற தகப்பன்தான் மறைத்தார்.

எனக்கும் தெரியாமலில்லை, நீங்கள் கல் நெஞ்சுக்காரர் இல்லை. கம்சி பிறந்தபோது வைத்தியசாலைத் தாதியிடம் அவளைத் தரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் நீங்கள். இரண்டு வயதில் சொன்ன ஐந்தாறு சொல்லையும் அவள் விட்டபோது, குசினிக் கதிரையில் இருந்து நீங்கள் அழுததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். உங்களுக்கு நோகிறது. எனக்கு நோகவில்லையா? நோகிறது என்பதற்காக நான் எந்த ஊருக்கு ஓடுவது?

மச்சாளுக்கும் தம்பிமுத்துவுக்கும் என் பதிலைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் சொல்வது மெய் என்றே வைத்துக்கொள்வோம். கலகலவென்று கதைக்கிற, என் கழுத்தைக் கட்டிப்பிடிக்கிற ஒரு கம்சிகாவை அந்த மேட்டுப் பெண் கொண்டுபோய்விட்டாள் என்றே இருக்கட்டும். அவள் நல்ல தாய், கதையிலேயே தெரிகிறது. அங்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. இங்கே அவளுடைய பிள்ளை என்னிடம் இருக்கிறது. பருப்பும் சோறும் கலந்தால் சாப்பிடாது, தனித்தனியாக வைத்தால் சாப்பிடும். நான் தலை வாரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு என் மடியில் சாய்ந்து கிடக்கும். இதை நான் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை. மேட்டுக்காரி நேரில் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன். உங்கள் அக்கா எம்மாத்திரம்!

ஆத்திரத்தில் வீட்டுச் செய்திகளை விட்டுவிட்டேன். அபிலாஷுக்குக் கணக்கில் நல்ல பெயர் வந்திருக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகியது, நிசாந்தினியின் கணவர் பார்த்துத் தந்தார். உங்கள் குளிர்ச் சட்டைகளைக் கழுவி மடித்து வைத்துவிட்டேன்.

கம்சி இன்னும் கோட்டைக்கு வருவதில்லை. பாதையின் முதல் வளைவிலேயே நின்றுவிடுகிறாள். பதினேழாம் திகதிக்குப் பிறகு வீட்டில் கரண்டிகளையும் தொடாமல்தான் இருந்தாள். போன வியாழக்கிழமை திடீரென்று எல்லாவற்றையும் எடுத்து வட்டம் வைத்தாள். கரண்டி முடிய வெங்காயம், வெங்காயம் முடிய அபிலாஷின் கார்கள். வழக்கம்போல ஒரு வாசல். பிறகு எழுந்து போய், கதவடியில் நீங்கள் விட்டுப்போன செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வளையத்துக்குள்ளே தனக்குப் பக்கத்தில் வைத்தாள். அபிலாஷையே உள்ளே விடாத பிள்ளை அவள். நானும் விளையாட்டாகச் செருப்பை எடுத்து வெளியே வைத்துப் பார்த்தேன். திரும்பவும் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். உங்களை அடித்துத் துரத்த வேண்டும்போல எனக்கு இருக்கிறது. அவளுக்கு அப்படி இல்லை.

யூலைக்கு அவளுக்குப் போட்ட ரிக்கெற்றை இல்லாமல் செய்யுங்கள். லீவுக்கு நீங்கள் இங்கே வாருங்கள். கத்தாமல், உடுக்கு இல்லாமல், வெறும் கையோடு வந்து, அவளை அந்தக் கல்வளையத்துக்குத் திரும்பக் கூட்டிப்போக வேண்டியவர் நீங்கள்தான். அதை எனக்குச் செய்யத் தெரியவில்லை. பயம் காட்டியவர்தான் பயம் எடுக்க வேண்டும்.

வர முடியாது என்றால், எனக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். வருகிற ஞாயிறு நிருஜன் வீட்டுக்குச் சாப்பிடப் போவீர்கள். சோற்றில் கை வைக்க முதல் கஜேந்தினியைக் கூப்பிட்டு, தங்கச்சி, எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொல்லுங்கள். மகளின் பெயர் கம்சிகா, வயது ஐந்து, அவள் பேசமாட்டாள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தப் பெயர் உங்கள் வாயில் வரவேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைக் கம்சிகாவின் அப்பாவுக்கு என்று தொடங்கினேன். நீங்கள் அதைச் சொல்லும் அன்றைக்கு நான் ஆண்டவனிடம் உங்களுக்காகத் திரும்பவும் கேட்கத் தொடங்குவேன்.

விடியற்காலைக் குளிரில் தொப்பி போடாமல் திரிய வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிள்ளைகளின் அம்மா,
சத்தியபாமா